இழுக்கும் வலிமையும் அடக்கும் வலிமையும்

மாட்டுவண்டியிற் பாரம் ஏற்றும் கலை எளியதன்று. நெல்மூடைகளை ஏற்றி முடித்த வண்டிக்காரர், மாடுகளை நுகத்திற் பூட்டுமுன் ஏர்க்காலின் நுனியைக் கையாலே சிறிது தூக்கிப் பார்ப்பார். அது மிகப் பாரமாயிருந்தால் ஒரு மூடையைப் பின்னுக்குத் தள்ளுவார். பாரமே இல்லாது மேலெழுந்தால் ஒரு மூடையை முன்னுக்கு இழுப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும்; பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு இறுகும். இரண்டுக்கும் இடையே ஓர் அளவு உண்டு. அந்த அளவைக் கண்டவரே நல்ல வண்டிக்காரர். தராசும் இல்லை, கணக்கும் இல்லை. கையே அவருக்குத் தராசு.

மாடு சென்று மோட்டார் வந்த பின்னரும் இந்த உண்மை மாறவில்லை. மாறியது ஒன்றுதான். மாட்டின் கழுத்து நொந்தால் மாடு நின்றுவிடும். மோட்டாருக்கு நோவு தெரியாது. அளவுக்கு மிஞ்சிய பாரத்தையும் அது முக்கி முனகி இழுத்துச் செல்லும். இழுக்கிறதே, ஆகையால் யாவும் செவ்வையாக இருக்கிறது என்று சாரதி நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பே பல விபத்துகளுக்கு வித்தாகின்றது. சிறிய பிக்கப் வண்டியின் பின்னே மூடிய ட்ரெயிலர் ஒன்றைக் கட்டி இழுக்கும் வழக்கம் மிகப் பரவியுள்ள ஐக்கிய அமெரிக்காவிலே இந்த உண்மையைத் தெளிவாகக் காணலாம்.

பிக்கப் என்பது முன்னே சாரதியும் குடும்பத்தினரும் இருப்பதற்கு ஓர் அறையும், பின்னே பொருள் ஏற்றுவதற்குத் திறந்த தட்டும் உடைய சிறிய பாரவண்டி. மூடிய ட்ரெயிலர் என்பது சில்லுகள் மேல் நிற்கும் ஒரு பெட்டி. நான்கு புறமும் சுவர், மேலே கூரை, பின்னே கதவு. மழையும் கள்வரும் உட்புக முடியாது. ஆதலின் தச்சர், மின்வேலைக்காரர், தோட்டவேலைக்காரர், வாத்தியக் குழுவினர், வீடு மாறிச் செல்வோர் எனப் பலரும் அதனை விரும்புகின்றனர். பிக்கப்பின் பின்புறத்திலே ஓர் உருக்குக் குமிழ் பொருத்தப்பட்டிருக்கும். ட்ரெயிலரின் முன்தண்டின் நுனியிலுள்ள கிண்ணம் போன்ற பூட்டு அந்தக் குமிழின்மேல் அமர்ந்து கொளுவிக்கொள்ளும். பழைய வண்டியின் நுகமும் ஏர்க்காலும் இங்கே குமிழும் முன்தண்டும் ஆகிவிட்டன.

இந்த வழக்கம் பெருகியதற்கு இரண்டாம் உலகப் போரின் முடிவு ஒரு காரணம். 1945ஆம் ஆண்டிலே வாஷிங்டன் மாநிலத்து ரிட்ஜ்ஃபீல்ட் என்னும் சிற்றூரில், லெனார்ட் ஷோன் என்பவரும் அவர் மனைவியாரும் யூ-ஹோல் என்னும் தாபனத்தைத் தொடங்கினர். ஓர் ஊரில் ட்ரெயிலரை வாடகைக்கு எடுத்து, மற்றோர் ஊரில் அதனை ஒப்படைத்துச் செல்லலாம் என்பதே அவர்கள் கண்ட புதுமை. போர் முடிந்து தொழிலும் வீடும் தேடி ஊர்விட்டு ஊர் பெயர்ந்த மக்களுக்கு அது பேருதவியாயிற்று. சொந்த லொறி இல்லாத சாதாரண மனிதனும் தன் வீட்டுப் பொருளைத் தானே கொண்டுசெல்லும் நிலை அதனால் ஏற்பட்டது.

இனி, இதிலுள்ள கணக்கைக் காண்பதற்கு ஓர் உதாரணத்தைக் கொள்க. வயோமிங் மாநிலத்தின் தலைநகராகிய செயென் நகரிலே ஒரு தச்சர் வாழ்கிறார். மேற்கே 150 மைல் தொலைவிலுள்ள றோலின்ஸ் என்னும் ஊரில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. மனைவியும் இரு பிள்ளைகளும் அவருடன் செல்ல வேண்டும். கருவிகள் யாவும் செல்ல வேண்டும். கருவி இல்லாத தச்சருக்குப் பிழைப்பு இல்லை. அவருடைய தந்தையார் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வாதுமைப் பலகைகளும் உள்ளன. அவரிடம் ஒரு சிறிய பிக்கப்பும், 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடைய மூடிய ட்ரெயிலரும் இருக்கின்றன.

பிக்கப்பின் விளக்க நூலைப் புரட்டுகிறார். 3,500 இறாத்தல் வரையில் இழுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. வெறும் ட்ரெயிலரின் நிறை 1,400 இறாத்தல். கருவிகளும் பலகைகளும் சேர்ந்து 1,500 இறாத்தல். ஆக 2,900 இறாத்தல். 3,500க்கு இன்னும் 600 குறைவாகவே இருக்கிறது. கவலைக்கு இடமில்லை என்று அவர் மனம் மகிழ்கிறது.

ஆயினும் இழுக்கக்கூடிய நிறை என்பது ஒரே ஓர் எண்தான். அதனோடு வேறு எண்களையும் பார்க்க வேண்டும். அவற்றுள் முதன்மையானது, பிக்கப் தன் முதுகிலே சுமக்கக்கூடிய நிறை. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. தச்சரின் பிக்கப் சுமக்கக்கூடியது 1,200 இறாத்தல் என்று கொள்க. சாரதியின் ஆசனக் கதவைத் திறந்தால், அதன் ஓரத்திலே ஒட்டப்பட்டுள்ள துண்டில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். பலர் அதனை ஒருநாளும் படிப்பதில்லை.

கணவனும் மனைவியும் 320 இறாத்தல். பிள்ளைகள் இருவரும் 150. பின்தட்டின்மேற் பொருத்திய கூரை 150. தட்டிலுள்ள கருவிப்பெட்டி 250. குமிழும் அதனைத் தாங்கும் இரும்புச் சட்டமும் 50. மொத்தம் 920 இறாத்தல். இதற்குமேல் ட்ரெயிலரின் முன்பாரமும் பிக்கப்பின் முதுகிலேயே வந்து விழுகிறது. ட்ரெயிலரின் மொத்த நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு வரையில் முன்பாரமாக இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. 2,900 இறாத்தலுக்கு நடுத்தரமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 360 இறாத்தல். 920உம் 360உம் 1,280. தச்சரின் பிக்கப் 80 இறாத்தலால் அளவு மிஞ்சிவிட்டது. இழுவை எண்ணின்படி 600 இறாத்தல் மீதியிருக்க, சுமை எண்ணின்படி அவர் கடனாளியாகிவிட்டார்.

கருவிப்பெட்டியை அப்படியே தூக்கி ட்ரெயிலரில் வைத்தால் என்ன? அப்போது ட்ரெயிலரின் மொத்த நிறை 3,150 இறாத்தலாகும். ஒற்றை அச்சுடைய இத்தகைய ட்ரெயிலர்கள் பெரும்பாலும் 2,990 இறாத்தலுக்கே உரியவை. ட்ரெயிலரின் அச்சும் ரயரும் அதற்குமேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவையல்ல. மயிலிறகேயாயினும் மிகுத்து ஏற்றினால் அச்சு முறியும் என்பதைத் தமிழ்ச் சான்றோர் பண்டே அறிந்திருந்தனர். ஒரு பக்கத்துச் சுமையை மறுபக்கத்துக்கு மாற்றுவதனால் மட்டும் கணக்கு நேராகிவிடாது. எதையோ ஒன்றை விட்டுச் செல்லத்தான் வேண்டும்.

கருவிகளை விடமுடியாது. ஆதலின் தந்தையார் சேர்த்த பலகைகளில் 300 இறாத்தலை அயல்வீட்டில் வைத்துவிட்டு, இன்னொரு பயணத்தில் வந்து எடுப்பதெனத் தச்சர் முடிவு செய்கிறார். அதனோடு, கருவிப்பெட்டியிலிருந்து 100 இறாத்தல் கருவிகளை ட்ரெயிலருக்கு மாற்றுகிறார். இப்போது ட்ரெயிலர் 2,700 இறாத்தல். முன்பாரம் ஏறத்தாழ 340. பிக்கப்பின் சுமை 820உம் 340உம் சேர்ந்து 1,160. யாவும் எல்லைக்குள் வந்துவிட்டன. மனம் சிறிது நோகிறது. ஆயினும் கணக்கு நேராயிற்று.

தயாரிப்பாளர் கூறும் இழுவை எண் எப்படிப் பிறந்தது என்பதும் அறியத்தக்கது. முன்னாளிலே ஒவ்வொரு தாபனமும் தத்தம் மனம்போல் ஓர் எண்ணைக் கூறிற்று. அந்த நிலையை மாற்றுவதற்காக, எஸ்.ஏ.ஈ. என வழங்கும் மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 2008ஆம் ஆண்டில் ஒரு பொதுவிதியை வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளுக்கு டொயோட்டா தாபனம் அதனை முதலில் மேற்கொண்டது. அரிசோனா மாநிலத்திலே, கொலராடோ ஆற்றின் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து மலையேறும் 11.4 மைல் நீளப் பாதையே அந்தச் சோதனைக்கு அளவுகோல். பரனைற்று 100 பாகை வெப்பத்தில், குளிரூட்டும் கருவி முழுதும் இயங்க, சாதாரண பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாத வேகத்தில் அந்த ஏற்றத்தை ஏறி முடிக்க வேண்டும். இது கடுமையான சோதனைதான். ஆயினும் சாரதியும் ஒரு பிரயாணியும், தலைக்கு 150 இறாத்தலாக, வண்டியில் இருப்பதாகவே அந்த விதி கருதுகிறது. அதற்குமேல் ஏறும் பிள்ளைகளும் பெட்டிகளும் இழுவை எண்ணிலிருந்து கழிக்கப்பட வேண்டியவை.

நிறைக்கு அடுத்தது சமநிலை. 2,700 இறாத்தல் என்று சொன்னாற் போதாது. அந்த நிறை எங்கே இருக்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். ஏற்றும் பொருளில் நூற்றுக்கு அறுபது பங்கு ட்ரெயிலரின் அச்சுக்கு முன்னே இருத்தல் நலம். பாரமான இயந்திர வாள் அச்சுக்குச் சற்று முன்னே, தரையோடு தரையாக வைத்துக் கட்டப்பட வேண்டும். இலேசான பொருள்களே மேலேயும் பின்னேயும் செல்ல வேண்டும். கட்டாத பொருள் முதல் வளைவிலேயே இடம் மாறும். புறப்படும்போது இருந்த முன்பாரம் பத்தாவது மைலில் இராது.

முன்பாரத்தை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. உடல்நிறை பார்க்கும் சாதாரண தராசு ஒன்றும், உறுதியான மரச்சட்டம் ஒன்றும், ஒரு கல்லும் போதும். மரச்சட்டத்தின் ஒரு முனையைக் கல்லின் மேலும், மறுமுனையைத் தராசின் மேலும் வைத்து, ட்ரெயிலரின் முன்தண்டு கல்லிலிருந்து ஓரடியிலும் தராசிலிருந்து ஈரடியிலும் சட்டத்தின்மேல் அமருமாறு இறக்க வேண்டும். தராசு காட்டும் எண்ணை மூன்றாற் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். 113 என்று காட்டினால் முன்பாரம் ஏறத்தாழ 340 இறாத்தல். வண்டிக்காரரின் கை அறிந்ததை இங்கே நெம்புகோல் அறிவிக்கின்றது.

அதே நெம்புகோல் விதி பிக்கப்பின் மேலும் செயற்படுகிறது. குமிழ் பின்னச்சுக்கு 4 அடி பின்னே இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 10 அடி என்று எளிமைக்காகக் கொள்க. குமிழின்மேல் 340 இறாத்தல் அழுத்தும்போது பின்னச்சின்மேல் 476 இறாத்தல் ஏறுகின்றது. முன்னச்சிலிருந்து 136 இறாத்தல் குறைகின்றது. ஊஞ்சற் பலகையின் ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வது போன்றது இது. முன்சில்லுகளே வண்டியைத் திருப்புகின்றன. நிறுத்துவதிலும் பெரும் பங்கு அவற்றினதே. அவற்றின் பாரம் குறைந்தால் ஸ்ரியரிங் இலேசாகி, சாரதியின் கைக்கு வீதியின் உணர்ச்சி மங்கிவிடும். இரவிலே விளக்கொளி வீதியை விட்டு மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். சிறிய பிக்கப்பிற்கு முன்பாரம் மிகையாவதும் தீங்கு என்பது இதனால் விளங்கும்.

முன்பாரம் குறைவதோ அதனிலும் கொடிய தீங்கு. அச்சுக்குப் பின்னே நிறை மிகுந்த ட்ரெயிலர், சிறு காரணத்தாலும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஒரு பெரிய லொறி முந்திச் செல்லும்போது அது தள்ளும் காற்று போதும். வீதியிலுள்ள ஒரு பள்ளம் போதும். ட்ரெயிலர் வலப்புறம் அசைந்தால் பிக்கப்பின் பின்புறத்தையும் தன்னோடு இழுக்கும். பிக்கப் திரும்ப, ட்ரெயிலர் மறுபுறம் வீசும். ஒவ்வொரு கூட்டுக்கும் தன்தன் நிறைக்கும் நீளத்துக்கும் சமநிலைக்கும் ஏற்ற ஒரு வேக எல்லை உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் தானாகவே தணியும். அதற்கு மேலே ஒவ்வொரு வீச்சும் முந்தியதிலும் பெரிதாகும். நான்கைந்து வீச்சுகளில் யாவும் முடிந்துவிடலாம். ஐம்பது மைல் வேகத்திற் சாதுவாக வந்த ட்ரெயிலர் அறுபத்தைந்தில் திடீரென முரண்டு பிடிப்பதன் காரணம் இதுவே.

அந்த வேளையிலே மனிதனின் இயல்பான எண்ணம் பிறேக்கை ஓங்கி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்ரியரிங்கைத் திருப்புவதுமே. இரண்டும் தவறு. பிக்கப் திடீரென வேகம் குறைந்தால் பின்னே வரும் பாரம் அதனைத் தள்ளிக் கோணலாக்கும். சாரதியின் திருப்பமோ, ஊஞ்சலைத் தவறிய வேளையில் தள்ளுவது போல, வீச்சை வளர்த்துவிடும். செய்யத்தக்கது, ஸ்ரியரிங்கை நேராக உறுதியாகப் பிடித்து, அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிடுவதே. ட்ரெயிலருக்குத் தனியான மின்பிறேக் இருந்தால், அதன் கைப்பிடியால் ட்ரெயிலரின் பிறேக்கை மட்டும் மெல்லப் பிரயோகிக்கலாம். அப்போது ட்ரெயிலர் பின்னே இழுபட, இரண்டும் ஒரு கயிறுபோல் நேராகும். ஆட்டம் அடங்கிய பின் வீதியோரத்தில் நிறுத்தி, பாரத்தை மாற்றி ஏற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டினால் ட்ரெயிலர் நேராகிவிடும் என்று சிலர் கூறுவதுண்டு. அது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றும் யோசனையாகும்.

மூன்றாவது, காற்று. திறந்த ட்ரெயிலருக்கும் மூடிய ட்ரெயிலருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். மூடிய ட்ரெயிலரின் முன்சுவர் பிக்கப்பின் கூரைக்கு மேலே உயர்ந்து நின்று, காற்றை மார்பாலே முட்டுகின்றது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். அதனை வெல்ல வேண்டிய ஆற்றலோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பப் பெருகும். மணிக்கு 55 மைலிலிருந்து 70 மைலுக்கு வேகத்தைக் கூட்டினால், காற்றை வெல்ல எஞ்சின் இரு மடங்கு ஆற்றலைச் செலவிட வேண்டும். எண்ணெய்ச் செலவு ஏறும். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் கொதிக்கும். ஆதலினாலே சிறிய பிக்கப்களின் விளக்க நூல்கள் பல, இழுக்கும் நிறைக்கு எல்லை கூறுவதோடு, ட்ரெயிலரின் முன்முகப் பரப்புக்கும் எல்லை கூறுகின்றன. நிறை எல்லைக்குள் அடங்கிய ட்ரெயிலர், பரப்பு எல்லையை மீறியிருத்தல் கூடும்.

கலிபோர்னியா மாநிலத்தின் சட்டம் ட்ரெயிலர் இழுக்கும் வண்டிகளுக்கு 55 மைலையே உச்ச வேகமாக விதித்திருக்கிறது. ட்ரெயிலருக்கென்று செய்யப்படும் ரயர்களிற் பல, வேறு குறிப்பு இல்லாவிடின், 65 மைல் வேகத்துக்கே உரியவை. நெடுநாள் வெயிலில் நின்ற ட்ரெயிலரின் ரயர், மேற்பார்வைக்குப் புதிதுபோற் காட்சியளித்தாலும் உள்ளே பலவீனமடைந்திருக்கும். போதிய காற்றில்லாத ரயர், பாரத்தோடும் வேகத்தோடும் ஓடும்போது சூடேறி வெடிக்கும். ஆதலின் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ரயர்களைப் பரிசோதிப்பது நல்ல சாரதியின் கடமை.

தச்சர் புறப்படும் வேளைக்குத் திரும்புவோம். குமிழின் பருமனும் பூட்டின் பருமனும் ஒன்றே என்பதை அவர் பார்த்துக்கொள்கிறார். இரண்டு அங்குலப் பூட்டை அதனிலும் சிறிய குமிழில் அமர்த்தினாலும் அது அமர்ந்தது போலவே தோன்றும். முதற் குலுக்கலிற் கழன்று விடும். பூட்டிய பின் முன்தண்டின் தூக்கியை உயர்த்திப் பார்க்கிறார். பூட்டுக் கழலாமல் பிக்கப்பின் பின்புறமும் கூடவே உயர்ந்தால் பூட்டு நன்றாகக் கொளுவியிருக்கிறது என்பது பொருள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் முன்தண்டின் கீழே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும்படி மாட்டுகிறார். பூட்டுக் கழன்றாலும் தண்டு நிலத்திற் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலிகள் தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். ட்ரெயிலர் முற்றாகப் பிரிந்தால் அதன் பிறேக்கைத் தானே இயக்கும் சிறு கம்பியையும் கொளுவுகிறார். 3,000 இறாத்தலுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனிப் பிறேக் இருக்க வேண்டும் என்பது பல மாநிலங்களின் சட்டம். அவருடைய ட்ரெயிலர் அதற்குக் குறைந்ததே. ஆயினும் அவர் மின்பிறேக் பூட்டியிருக்கிறார். சட்டம் 3,000 இறாத்தலிலே தொடங்கலாம்; ஆபத்து அந்த எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை.

செயென் நகரிலிருந்து மேற்கே செல்லும் 80ஆம் இலக்கப் பெருந்தெரு, ஷேர்மன் சிகரத்திலே 8,640 அடி உயரத்தை அடைகின்றது. அந்தப் பெருந்தெரு முழுவதிலும் அதுவே மிக உயர்ந்த இடம். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். சாதாரண எஞ்சின் ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் வலிமை இழக்கும். சிகரத்திலே அதன் வலிமையில் காற்பங்கு போய்விடும். மெலிந்த காற்று எதிர்ப்பையும் சிறிது குறைப்பது உண்மைதான். ஆயினும் ஏற்றத்திலே ஏறும் பாரம் ஓர் இறாத்தலும் குறைவதில்லை. ஆதலின் தச்சர் அவசரப்படாமல், குறைந்த கியரில், வலப்புற ஓரத்தில் நிதானமாக ஏறுகிறார்.

ஏறுவது எஞ்சினின் வேலை. இறங்குவது பிறேக்கின் வேலை. சிகரத்திலிருந்து லறமி நகருக்குச் சில மைல்களுக்குள் ஆயிரத்து நானூறு அடிக்கு மேலாக இறங்க வேண்டும். பிக்கப்பும் ட்ரெயிலரும் பொருளும் மக்களுமாக மொத்தம் ஏறத்தாழ 7,500 இறாத்தல். இந்த நிறை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதியது. காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை ஏற்காவிட்டால் அவ்வளவு வெப்பமும் பிறேக்கின் தட்டுகளிலேயே இறங்கும். பிறேக் கருகினால் பின் எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. ஆதலின் இறக்கம் தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறி, எஞ்சினையே வேகத்தைத் தடுக்கச் செய்ய வேண்டும். பிறேக்கை ஓயாது தடவிக்கொண்டிராமல், வேகம் மிகும்போது உறுதியாக ஒருமுறை மிதித்து, வேகம் தணிந்ததும் விட்டு, அதனை ஆறவிட வேண்டும்.

இறக்கத்தின் நடுவே ஒரு பெரிய லொறி முந்திச் செல்கிறது. ட்ரெயிலர் ஒருமுறை அசைகிறது. பின் ஆசனத்திலிருந்த பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. தச்சர் காலை எடுக்கிறார். ஸ்ரியரிங் நேராக நிற்கிறது. இரண்டாம் அசைவு முதலதிலும் சிறிது, மூன்றாவது இல்லை. காலையிலே இயந்திர வாளை இரண்டு அடி முன்னுக்குத் தள்ளி வைத்த உழைப்பின் பயன் அந்த ஒரு கணத்திலே கிடைத்துவிட்டது.

லறமிக்கு அப்பாலுள்ள பாதை காற்றுக்குப் பேர்போனது. அங்கிருந்து வோல்கொட் வரையிலான 77 மைல் பெருந்தெரு 1970ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. 30ஆம் இலக்கப் பழைய வீதி வடக்கே சுற்றிச் செல்ல, புதிய பெருந்தெரு எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்லும்படி அமைக்கப்பட்டது. தூரம் குறைந்தது, காற்றும் பனியும் மிகுந்தன. வீதியைப் பனி மூடாதிருக்கப் பின்னர் மைல் மைலாக மரவேலிகள் நிறுவ வேண்டியதாயிற்று. பனியை வேலி தடுக்கும். காற்றைத் தடுப்பது எளிதன்று.

12 அடி நீளமும் ஆறரை அடி உயரமும் உள்ள சுவரை மணிக்கு 60 மைல் வேகக் காற்றுப் பக்கவாட்டிலே தாக்கினால், அந்த உயர்நிலத்து மெல்லிய காற்றிலும் ஏறத்தாழ 600 இறாத்தல் விசை அதன்மேல் விழும். காற்று 75 மைலானால் அந்த விசை ஒன்றரை மடங்காகும். காற்றை எதிர்த்து நிற்கும் பலம் ட்ரெயிலரின் நிறையிலேயே இருக்கிறது. ஆதலின் நிறைந்த ட்ரெயிலரிலும் வெறும் ட்ரெயிலரே எளிதிற் கவிழும். பொருளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது இனிப் பாரமில்லை, பயமில்லை என்று எண்ணுவோர் இதனை மறக்கக் கூடாது. உயரமும் இலேசான நிறையும் உடைய வண்டிகளுக்கு வீதி மூடப்பட்டது என்று வயோமிங் போக்குவரத்துத் திணைக்களம் காற்று மிகுந்த நாட்களில் அறிவிப்பது இக்காரணம் பற்றியே.

தச்சர் லறமியை அடையும்போது அத்தகைய அறிவிப்பு வீதியோரப் பலகையில் ஒளிர்கிறது என்று கொள்க. வானம் தெளிவாயிருக்கிறது. வெயில் எறிக்கிறது. மழையில்லை, பனியில்லை. மறுநாள் காலையிலே வேலைக்கு வருவதாக அவர் வாக்களித்திருக்கிறார். றோலின்ஸ் இன்னும் 100 மைல்தான். தன் ட்ரெயிலர் வெறுமையானதன்று, 2,700 இறாத்தல் நிறையுடையது. ஆகவே அறிவிப்புத் தனக்கன்று என்று வாதிக்கலாம். அதுவரை வண்டி நன்றாகவே இழுத்து வந்திருக்கிறது என்றும் வாதிக்கலாம்.

ஆயினும் வண்டி இழுக்கிறது என்பது அதன் எஞ்சினைப் பற்றிய செய்தி மாத்திரமே. திரும்ப வேண்டியபோது திரும்புமா, நிற்க வேண்டியபோது நிற்குமா, காற்று அறையும்போது நேராக நிற்குமா என்பவற்றுக்கு அது விடையன்று. அந்த வீதியிலே அவர் தனியாகவும் செல்லவில்லை. எதிரே வரும் வண்டிகளில் இருப்போர் அவருடைய கணக்கை அறியார். அவருடைய வாக்குறுதியையும் அறியார். அவர் தவறினால் அதன் விலையை அவர்களும் செலுத்த நேரும். அவர் வேலைகொடுப்பவருக்குத் தொலைபேசியிற் செய்தி சொல்லிவிட்டு, லறமியிலேயே இரவைக் கழிக்கிறார். ஒருநாட் கூலி போயிற்று. தங்குவிடுதிக்குச் செலவும் ஆயிற்று. விடியுமுன் காற்றுத் தணிந்து தடை நீங்க, அவர் பூட்டையும் சங்கிலியையும் மீண்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறார். அயல்வீட்டில் விட்ட பலகைகள் அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கின்றன. அவற்றுக்கு அவசரம் இல்லை.

இழுக்கும் வலிமையைப் பணம் கொடுத்து வாங்கலாம். பெரிய எஞ்சின் உள்ள வண்டியை வாங்கினால் அது கிடைத்துவிடும். அடக்கும் வலிமையோ சாரதியினிடமிருந்தே வரவேண்டும். கதவோரத்துத் துண்டைப் படிக்கும் பொறுமையும், ஏற்றிய பொருளை மீண்டும் இறக்கி இடம் மாற்றும் உழைப்பும், சிலவற்றை விட்டுச் செல்லும் துணிவும், காற்றுத் தணியும்வரை காத்திருக்கும் அடக்கமும் சேர்ந்ததே அந்த வலிமை. ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்த பழைய வண்டிக்காரர் தம் மாட்டின் கழுத்துக்கு இரங்கி அதனைச் செய்தார். இன்றைய சாரதிக்கு இரங்குவதற்கு மாடு இல்லை. பின் ஆசனத்திலே பிள்ளைகள் இருக்கின்றனர். எதிரே வரும் வண்டியிலும் பிள்ளைகள் இருக்கின்றனர்.